ஆயிரத்து அறுநூற்று ஒன்று

என் மேசையின் மேல் இழுப்பறையில் ஒரு அட்டை இருந்தது. பாதி தபால் கார்டு அளவு. நடுவில் ஒரு ரூபாய் நாணயம் நுழையும் அளவுக்கு வட்ட ஓட்டை. அந்த ஓட்டையை மூடிக்கொண்டு, தலைமயிரின் கனம்கூட வராத ஒரு பிளாஸ்டிக் தாள். 1979 முதல் 2012 வரை சென்னையில் ஒரு வேதியியல் ஆய்வுக்கூடத்தின் அகச்சிவப்பு நிறமாலைமானியை ஓட்டியவன் நான். காலையில் ஏ.சி. போட்டு, கருவி சூடேற அரை மணி விட்டு, முதல் வேலையாக அந்த அட்டையைத்தான் செருகுவேன். பேனா சார்ட் தாளில் மேடு பள்ளமாக நடந்துபோய் ஒரு இடத்தில் சட்டென்று கீழே விழுந்து எழும். அந்தப் பள்ளத்தின் அடி 1601 என்ற எண்ணில் நின்றால் அன்றைக்குக் கடை திறக்கலாம். நாங்கள் அதை 'சிக்ஸ்டீன் நாட் ஒன்' என்போம். கோடு கீழே போனாலும் எங்கள் பேச்சில் அது 'பீக்'தான்.

1601 என்றால் என்ன? ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்குள் அந்த ஒளியின் 1601 அலைகள் அடங்கும் என்று பொருள். மூலக்கூறுக்குள் அணுக்கள் சும்மா இருப்பதில்லை. பிணைப்புகள் நீளும், சுருங்கும், மடங்கும். ஒவ்வொரு அசைவுக்கும் அதற்கே உரிய ஒரு தாளகதி உண்டு. அகச்சிவப்பு ஒளியில் அந்தக் கதிக்கு ஒத்த பகுதியை மூலக்கூறு விழுங்கிக்கொள்ளும். விழுங்கிய இடம் தாளில் பள்ளமாக விழும். அட்டையில் இருந்த தாள் பாலிஸ்டைரின். அதிலுள்ள பென்சீன் வளையம் நெளிகிற கதிதான் 1601.

காய்கறிச் சந்தையில் எடைக்கல்லில் முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பார்களே, எங்களுக்கு அந்த அட்டை முத்திரைக் கல். என்னை ரொம்ப நாள் உறுத்திய கேள்வியும் அதில்தான் இருந்தது. அளவுகோல் என்றால் ஒழுங்கான பொருளாக இருக்க வேண்டாமா? வைரம், குவார்ட்ஸ், உப்புப் படிகம் என்று அணுக்கள் படைவரிசையாக நிற்கும் பொருள்கள் எத்தனையோ. அதையெல்லாம் விட்டுவிட்டு, பார்சல் பெட்டிக்கும் தெர்மாகோலுக்கும் கேசட் உறைக்கும் போடுகிற, உள்ளே ஒழுங்கே இல்லாத ஒரு கண்ணாடிப் பிளாஸ்டிக்கை உலகமெங்கும் அளவுகோலாக வைத்திருக்கிறார்களே, ஏன்? இதற்கு விடை ஒரே புத்தகத்தில் கிடைக்கவில்லை. அந்தப் பொருளின் வரலாறு முழுவதையும் துண்டு துண்டாகப் படித்துச் சேர்க்க வேண்டியிருந்தது.

'கண்ணாடி' என்ற சொல்லை முதலில் சொல்லிவிடுகிறேன். சர்க்கரைப் பாகை மெல்ல ஆறவிட்டு நூலில் படியவைத்தால் கற்கண்டு. அதே பாகை முறுகக் காய்ச்சிச் சட்டென்று ஆறவைத்தால் குச்சி மிட்டாய். இரண்டும் சர்க்கரைதான். கற்கண்டில் மூலக்கூறுகள் வரிசை பிடித்து உட்கார்ந்துவிட்டன. மிட்டாயில் வரிசை பிடிக்க நேரம் கிடைக்கவில்லை. பாகாக இருந்தபோது எப்படித் தாறுமாறாகக் கிடந்தனவோ அப்படியே இறுகிவிட்டன. இறுக்கத்தில் திடம், அமைப்பில் திரவம். இந்த நிலைக்குத்தான் கண்ணாடி நிலை என்று பெயர். ஜன்னல் கண்ணாடி இதில் ஒரு வகை. பாலிஸ்டைரின் இன்னொரு வகை. ஏறத்தாழ 100 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் அது குழைந்துவிடும். கீழே இறங்கினால் மறுபடி இறுகும்.

*

கதை தொடங்குவது ஒரு நறுமணப் பிசினில். துருக்கிப் பக்கத்து மரம் ஒன்றிலிருந்து வடியும் பிசினுக்கு ஸ்டோராக்ஸ் என்று பெயர். நம் வீடுகளில் வெள்ளிக்கிழமை புகைக்கிற சாம்பிராணி மரத்தின் தாவரப் பெயரும் ஸ்டைராக்ஸ்தான். ஆனால் மரம் வேறு, குடும்பமும் வேறு. 1839இல் பெர்லினில் எடுவார்ட் சைமன் என்ற மருந்துக்கடைக்காரர் ஸ்டோராக்ஸைக் காய்ச்சி வடித்து ஒரு எண்ணெய் எடுத்தார். ஸ்டைரோல் என்று பெயர் வைத்தார்; இன்று அதை ஸ்டைரின் என்கிறோம். கொஞ்ச காலம் கழித்துப் பார்த்தால் எண்ணெய் கெட்டியாகிக் கூழாகியிருந்தது. காற்றிலுள்ள ஆக்சிஜன் சேர்ந்துவிட்டது என்று நினைத்து 'ஸ்டைரோல் ஆக்சைடு' என்று எழுதிவைத்தார். கண்டது சரி, காரணம் தப்பு.

1845இல் லண்டனில் ஜான் பிளைத்தும் ஆகஸ்ட் வில்ஹெல்ம் ஹோஃப்மனும் காற்றே படாமல் அதைக் கெட்டியாக்கிக் காட்டினார்கள். கெட்டியானதைச் சூடாக்கினால் பழைய எண்ணெய் திரும்பி வந்தது. எண்ணெயிலும் கெட்டியிலும் கார்பனும் ஹைட்ரஜனும் ஒரே விகிதம். அப்படியானால் என்னதான் மாறியது? எடை மாறவில்லை, தனிமம் மாறவில்லை. உள்ளே கட்டுமானம் மாறியிருக்க வேண்டும். அதைப் பார்க்க அந்தக் காலத்தில் கண் இல்லை.

கண் வருவதற்கு எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. இடையில் பெரிய வழக்கே நடந்தது. ஹெர்மன் ஸ்டாடிங்கர் 1920இல், இந்த மாதிரிப் பொருள்களில் ஆயிரக்கணக்கான சிறு மூலக்கூறுகள் கைகோத்து ஒரே நீளச் சங்கிலியாகிவிடுகின்றன என்று எழுதினார். அப்போதிருந்த பெரிய வேதியியலாளர்கள் பலர் ஏற்கவில்லை. சிறு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கூட்டமாக நிற்கின்றன, அவ்வளவுதான், ஒரே மூலக்கூறு அவ்வளவு பெரிதாக இருக்க முடியாது என்றார்கள். ஸ்டாடிங்கர் தன் கட்சிக்குப் பிடித்துக்கொண்ட முக்கியமான சாட்சிகளில் ஒன்று ஸ்டைரின் கெட்டியாகிக் கிடைத்த அந்தப் பொருள், பாலிஸ்டைரின். சங்கிலி என்று சொன்னால் போதுமா, காட்ட வேண்டாமா?

*

அதைக் காட்டிய கண் கல்கத்தாவில் திறந்தது. நான் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன். எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் வத்திராயிருப்பு. 1898இல் அங்கே பிறந்தவர் கே.எஸ். கிருஷ்ணன், கல்கத்தாவில் சி.வி. ராமனோடு ஒளிச்சிதறல் ஆய்வில் கூட நின்றவர். பள்ளியில் எங்களுக்கு ராமன் பெயரைச் சொல்லிக்கொடுத்தார்கள். பக்கத்து ஊர்க்காரர் பெயரைச் சொல்லவில்லை. வேலைக்குச் சேர்ந்த பிறகு படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

பௌபஜார் தெரு 210ஆம் எண் கட்டடத்தில், இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில், ராமனும் அவருடைய குழுவும் ஆண்டுக்கணக்காக ஒளிச்சிதறலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1923இலேயே கே.ஆர். ராமநாதன் சிதறிய ஒளியில் ஏதோ ஒரு மங்கலான வேற்று நிறம் கலந்திருப்பதைக் கண்டிருந்தார். பொருளில் அழுக்கு இருக்கும், அதனால் வரும் ஒளிர்வு என்று தள்ளிவைக்கப்பட்டது. பிறகு எஸ். வெங்கடேஸ்வரன் மிகச் சுத்தமான கிளிசரினில் சூரிய ஒளியைப் பாய்ச்சினார். நீலமாகச் சிதற வேண்டிய ஒளி பளிச்சென்று பச்சையாக வந்தது. அழுக்கு என்று இனி சொல்ல முடியாது.

இந்த இடத்தில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம். கிளிசரின் என்பது கண்ணாடி ஆகிற பொருள்களின் பட்டியலில் முதல் வரிசையில் இருப்பது. குளிரவைத்தால் எளிதில் படிகமாகாது. கொழகொழவென்று கெட்டியாகிக்கொண்டே போய்க் கண்ணாடியாகிவிடும். ஆக, இந்தக் கதைக்கு அடி எடுத்துக் கொடுத்ததே கண்ணாடி ஜாதியைச் சேர்ந்த ஒரு திரவம்.

1928 பிப்ரவரி 28 அன்று ராமன் விளைவு உறுதியானது. அறிவியல் தினம் என்று நாம் கொண்டாடுவது அந்த நாளைத்தான். ஒரே நிற ஒளியைப் பொருளுக்குள் அனுப்பினால், சிதறி வருவதில் மிகச் சிறு பங்கு நிறம் மாறி வருகிறது. மாறிய அளவு மூலக்கூறின் அதிர்வுக் கதிக்குச் சமம். அறுபது திரவங்களைப் போல முதல் சுற்றிலேயே பார்த்துவிட்டார்கள். திரவம் மட்டுமல்ல, பனிக்கட்டியிலும் படிகமல்லாத திடப்பொருள்களிலும் அது தெரிந்தது. பாதரச விளக்கை வைத்துப் படத்தகட்டில் பதிவு செய்த ஆரம்பத் திரவங்களில் ஒன்று பென்சீன். அதன் வளையம் முழுதாக விரிந்து சுருங்கும் கோடு 992இல் விழும். பாலிஸ்டைரினிலும் அதே வளையம் தொங்குகிறது. அங்கே அந்தக் கோடு 1001. ராமன் நிறமாலைமானி வைத்திருப்பவர்கள் இன்றும் கருவியைச் சரிபார்க்க அந்த 1001ஐத்தான் பார்க்கிறார்கள்.

கல்கத்தாச் செய்தி ஐரோப்பாவுக்குப் போய் நான்கே ஆண்டில் பாலிஸ்டைரின் வழக்கில் அந்தச் சாட்சி கூண்டேறிவிட்டது. 1932இல் ருடால்ஃப் சிக்னரும் ஜே. வைலரும் பாலிஸ்டைரினின் ராமன் நிறமாலையை வெளியிட்டார்கள். செயற்கைப் பாலிமர் (நீளச் சங்கிலி மூலக்கூறு) ஒன்றின் உள்ளமைப்பை ராமன் கோடுகளால் படித்த முதல் முயற்சி அது என்று துறைக்காரர்கள் சொல்வார்கள். சிக்னர் ஸ்டாடிங்கரிடம் வேலை பார்த்தவர். ஸ்டைரினில் இரண்டு கார்பன்களுக்கிடையே ஓர் இரட்டைப் பிணைப்பு உண்டு. கைகோத்துச் சங்கிலியாகும்போது அந்த இரட்டையில் ஒன்று அவிழ்ந்து அடுத்த மூலக்கூறைப் பிடித்துக்கொள்ள வேண்டும். வெறுமனே ஒட்டி நிற்கும் கூட்டமானால் இரட்டைப் பிணைப்பின் கோடு அப்படியே இருக்கும், சங்கிலியானால் மறையும். மறைந்துதான் இருந்தது. பென்சீன் வளையத்தின் கோடுகளோ அசையாமல் நின்றன. சைமன் கூழைப் பார்த்துக் குழம்பி 93 ஆண்டு கழித்து, உள்ளே எது மாறியது, எது மாறவில்லை என்று ஒரு படத்தகட்டில் தனித்தனியாகத் தெரிந்தது.

இந்தச் சிக்னர்தான் 1950இல் தான் மிகக் கவனமாகப் பிரித்தெடுத்த டி.என்.ஏ.வை லண்டன் கூட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பகிர்ந்து கொடுத்தார். மாரிஸ் வில்கின்ஸ் வாங்கிப்போன அந்தச் சரக்கிலிருந்துதான் கிங்ஸ் கல்லூரியில் இழை இழுத்து எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்தார்கள். நீளச் சங்கிலி மூலக்கூறை அறுபடாமல் கையாளக் கற்றவரின் கை அது.

*

ராமன் முறைக்கு ஒரு சங்கடம் இருந்தது. பாலிமரில் துளி அழுக்கோ நிறமோ இருந்தால் ஒளிர்வு கிளம்பி மெல்லிய ராமன் கோடுகளை மூழ்கடித்துவிடும். 1960இல் லேசர் வந்த பிறகுதான் அந்த முறைக்கு மறுவாழ்வு. இடைப்பட்ட காலத்தில் பாலிமர்க்காரர்களுக்குச் சோறு போட்டது என் தொழிலான அகச்சிவப்பு.

அதற்கு அடித்தளம் போட்டவர் அமெரிக்காவின் வில்லியம் கோப்லென்ட்ஸ். பாறை உப்பில் செதுக்கிய பட்டகத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு புள்ளியாக அளந்து, நூற்றுக்கும் மேற்பட்ட பொருள்களின் நிறமாலைகளை 1905இல் புத்தகமாகக் கொண்டுவந்தார். பாறை உப்பு ஏன் என்றால், சாதாரணக் கண்ணாடி அகச்சிவப்பை விழுங்கிவிடும், உப்பு விட்டுவிடும். எங்கள் கருவியின் ஜன்னல்களும் உப்புதான். சோடியம் குளோரைடு, பொட்டாசியம் புரோமைடு.

சென்னையில் இந்த உப்போடு மல்லுக்கட்டுவது பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம். ஐப்பசி அடைமழையில் சமையலறை உப்பு ஜாடி என்ன ஆகுமோ அதேதான் பல ஆயிரம் ரூபாய் உப்பு ஜன்னலுக்கும் ஆகும். கை ஈரம் பட்டால் ரேகை பதிந்துவிடும். உலர்த்திக் குடுவையில் சிலிக்கா ஜெல் நீலத்திலிருந்து ரோஸ் நிறத்துக்கு மாறியதும் ஓவனில் வறுத்து மறுபடி நீலமாக்குவேன். கரண்ட் போனால் ஏ.சி. நிற்கும், ஏ.சி. நின்றால் ஜன்னல் பூத்துப்போகும். புதிதாக வரும் ஆராய்ச்சி மாணவர்களிடம் நான் சொல்லும் முதல் பாடம், "மாதிரி வைக்கிற இடத்துக்கு நேரா மூச்சு விடாதீங்க" என்பதுதான். மூச்சில் வரும் ஈரமும் கரியமில வாயுவும் தாளில் ஏறிவிடும். கரியமில வாயு 2349 பக்கம் வந்து உட்காரும். பாலிஸ்டைரின் தாளுக்கு இந்த நோய் எதுவும் கிடையாது. தண்ணீர் குடிக்காது, கரையாது, மழைக்காலத்திலும் அதே முகம்.

கருவியும் தாளும் பெருகியதற்குக் காரணம் ஒரே போர். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் மலேயா ரப்பரைப் பிடித்துக்கொண்டதும் அமெரிக்கா செயற்கை ரப்பருக்குத் தாவியது. அதன் முக்கியமான வகைக்கு பியூட்டாடையீன் முக்கால் பங்கு, ஸ்டைரின் கால் பங்கு. பியூட்டாடையீனை மற்ற வாயுக்களிலிருந்து பிரித்து அடையாளம் காண விரைவான வழி அகச்சிவப்பு. 1942இல் பெக்மன் நிறுவனம் ஐஆர்-1 கருவியைக் கட்டியது. 1944இல் பெர்கின்-எல்மர் மாடல் 12 வந்தது. போர் முடிந்ததும் ஸ்டைரின் ஆலைகள் வேலையின்றி நின்றன. அந்தச் சரக்கு பாலிஸ்டைரினாகி வீடுகளுக்குள் நுழைந்தது. 1957இல் இன்ஃப்ராகார்டு மாதிரியான எளிய கருவிகள் வந்த பிறகு சாதாரணக் கல்லூரிகளும் அகச்சிவப்பு வாங்க முடிந்தது. கருவிப் பெட்டிக்குள் பாலிஸ்டைரின் அட்டை ஒன்றும் கூடவே வரும். பிற்பாடு அமெரிக்கத் தர நிறுவனமான என்ஐஎஸ்டி 38 மைக்ரான் கனத்தில் சான்றளித்த தாளே விற்றது. மருந்துத் தர நூல்களும் கருவிச் சோதனைக்கு இந்தத் தாளையே சொல்கின்றன.

அந்தத் தாளின் கனத்தை அளக்க ஸ்குரூகேஜ் வேண்டாம். நிறமாலையில் 2700க்கும் 2000க்கும் நடுவே, எந்தப் பிணைப்பும் விழுங்காத வெற்றிடத்தில், சின்னச் சின்ன அலை நெளிவுகள் ஓடும். தாளின் இரண்டு முகங்களிலும் பட்டுத் திரும்பும் ஒளிகள் மோதுவதால் வருபவை. நெளிவுகளுக்கு இடையே ஏறத்தாழ 80 எண் தூரம் இருந்தால் தாள் 38 மைக்ரான். முதல் முறை பென்சிலால் கணக்குப் போட்டு விடை சரியாக வந்தபோது எனக்கு வயது இருபத்து மூன்று. அன்று டீக்கடையில் எல்லோருக்கும் நான்தான் காசு கொடுத்தேன்.

*

கோடுகள் கிடைத்துவிட்டன. கண்ணாடி நிலையில் சங்கிலி எப்படிக் கிடக்கிறது என்ற கேள்வி இன்னும் நின்றது. அதற்கான இலக்கணம் தோக்கியோவிலிருந்து வந்தது. 1930களில் சான்-இச்சிரோ மிசுஷிமா என்ற ஜப்பானியர் டைகுளோரோஈத்தேன் என்ற சின்ன மூலக்கூறை ராமன் முறையில் பார்த்தார். நடுவில் இரண்டு கார்பன், இரண்டு பக்கமும் ஒவ்வொரு குளோரின். திரவத்தில் அவர் எதிர்பார்த்ததைவிட அதிகக் கோடுகள். 754இல் ஒன்று, 654இல் ஒன்று. உறையவைத்துப் படிகமாக்கியதும் 654 காணாமல்போயிற்று. நடுப் பிணைப்பு முறுக்கிக்கொள்ளக்கூடியது என்பதுதான் காரணம். குளோரின்கள் எதிரெதிராக நீட்டிக்கொண்டு நிற்பது ஒரு தோரணை. பக்கவாட்டில் மடங்கி நிற்பது இன்னொரு தோரணை. முதலாவதற்கு டிரான்ஸ், இரண்டாவதற்கு கௌச் என்று பெயர். திரவத்தில் இரண்டும் கலந்து இருக்கின்றன. படிகத்தில் எல்லாரும் டிரான்ஸ்.

பாலிமர் சங்கிலியில் இப்படி முறுக்கக்கூடிய பிணைப்புகள் ஆயிரக்கணக்கில். கொதித்துக் குழைந்த நிலையில் ஒவ்வொன்றும் டிரான்ஸ், கௌச் என்று மாறிக்கொண்டே இருக்கும். ஆறி இறுகும்போது யார் எந்தத் தோரணையில் இருந்தார்களோ அதே தோரணையில் நின்றுவிடுவார்கள். சாதாரணப் பாலிஸ்டைரினில் இன்னொரு கோளாறும் சேர்கிறது. சங்கிலியில் பென்சீன் வளையங்கள் இடம் வலம் என்று வரைமுறையின்றித் தொங்குகின்றன. ஆகவே எவ்வளவு மெல்ல ஆறவிட்டாலும் அது படிகமாகாது. 1955இல் மிலானில் ஜூலியோ நாட்டா வளையங்களை ஒரே ஒழுங்கில் தொங்கவிட்டுப் பாலிஸ்டைரின் செய்தபோது அது படிகமாயிற்று, 240 டிகிரி அளவில் உருகியது. அதன் நிறமாலையையும் என் அட்டைத் தாளின் நிறமாலையையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால் வேடிக்கை. சங்கிலியின் வளைவைப் பொறுத்து மாறும் பட்டைகள், உதாரணமாக 540 பக்கம் இருப்பவை, கண்ணாடித் தாளில் சாணி தெளித்தமாதிரி அகலமாகப் பரந்து கிடக்கும். வளையத்தின் 1601 மட்டும் இரண்டிலும் கூராக நிற்கும்.

1960களில் இதிலும் ஒரு சண்டை வந்தது. பால் ஃப்ளோரி, கண்ணாடியில் ஒவ்வொரு சங்கிலியும் தாறுமாறாகச் சுருண்ட நூல் உருண்டைதான் என்று சொல்லிவந்தார். 1967இல் யேவும் கைலும் கண்ணாடி பாலியெஸ்டரை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு, சின்னச் சின்ன உருண்டை மணிகள் தெரிகின்றன, உள்ளே ஏதோ ஒளிந்த ஒழுங்கு இருக்கிறது என்றார்கள். சங்கிலிகள் ஆற்று வளைவு போல மடிந்து அடுக்கப்பட்டிருக்கின்றன என்று வேறொருவர் படமே போட்டார். கூட்டத்துக்குள் ஒரு தனிச் சங்கிலியை எப்படி அடையாளம் காண்பது? எல்லாச் சங்கிலியும் ஒன்றுபோலவே இருக்கின்றன.

இதற்குத் தீர்வு சொன்னது கன ஹைட்ரஜன். சில சங்கிலிகளில் மட்டும் ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம் போட்டுக் கலந்துவிட்டால், வேதியியலில் ஒரு மாற்றமும் இல்லை, ஆனால் நியூட்ரான் கதிருக்கு அந்தச் சங்கிலிகள் மட்டும் தனியாகத் தெரியும். அகச்சிவப்பிலும் தெரியும், 2900 பக்கம் இருக்க வேண்டிய கார்பன்-ஹைட்ரஜன் கோடு, எடை கூடியதால் கதி தளர்ந்து 2200 பக்கம் இறங்கிவிடும். 1972இல் ஜெர்மனியில் கிர்ஸ்டே குழுவினர், கண்ணாடிக்கு மாற்றாகப் போடுவார்களே அந்த பெர்ஸ்பெக்ஸ் பாலிமரில் இப்படி நியூட்ரான் சோதனை செய்தார்கள். அடுத்த ஓரிரு ஆண்டில் வேறு குழுக்கள் பாலிஸ்டைரினிலும் செய்தன. சங்கிலியின் அளவு ஃப்ளோரி கணக்கிட்ட நூல் உருண்டையோடு ஒத்துப்போனது. 1974இல் அவருக்கு நோபல் பரிசு. ஒளிந்த ஒழுங்கு எதுவும் இல்லை; உள்ளே உண்மையிலேயே சிக்கல்தான்.

சிக்கல் என்றால் செத்துக் கிடக்கிறது என்று அர்த்தமில்லை என்று காட்டியது அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு முறை (என்.எம்.ஆர்.). திடப்பொருளைக் காந்தத்தில் வைத்தால் கோடுகள் மலைபோல அகன்றுவிடும். 54.7 டிகிரி சாய்வில் மாதிரியை விநாடிக்கு ஆயிரக்கணக்கான சுற்று சுழற்றினால் அவை கூராகும் என்று 1950களின் கடைசியிலேயே கண்டிருந்தார்கள். 1970களின் நடுவில் ஜேக்கப் ஷேஃபரும் ஸ்டெஜ்ஸ்காலும் கண்ணாடிப் பாலிமர்களில் அதை வைத்துக் கார்பனைப் படித்தார்கள். 1980களில் பாலிகார்பனேட்டைப் பார்த்தபோது ஆச்சரியம். தண்ணீர்க் கேனுக்கும் தலைக்கவசக் கண்ணாடிக்கும் போடுகிற அந்தப் பொருள் குழைய 150 டிகிரி வேண்டும். அறை வெப்பத்தில் சங்கிலி அசையாது. ஆனால் அதிலுள்ள பென்சீன் வளையங்கள் நின்ற இடத்திலேயே தோசையைத் திருப்பிப் போடுவதுபோல அரைச்சுற்றுச் சுழன்றுகொண்டிருந்தன.

சங்கிலிகூட முழுதாக ஓய்வதில்லை. ஸ்ட்ரூய்க் என்ற டச்சுக்காரர் 1978இல் எழுதிய புத்தகம் முழுக்க இதுதான் பேச்சு: கண்ணாடிப் பாலிமர் இறுகிய பிறகும் ஆண்டுக்கணக்கில் இம்மியளவு சுருங்கிச் சுருங்கி, கெட்டிப்பட்டுக்கொண்டே இருக்கிறது.

*

இதையெல்லாம் நான் தேடிப் படித்ததற்குப் பின்னால் ஒரு தவறு இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்து ஆறாவது வருஷம். தீபாவளிக்கு முதல் நாள், ஊருக்கு ரயில் பிடிக்கும் அவசரம். அட்டையைப் போடாமலே ஒரு மாணவியின் மாதிரியை ஓட்டிக் கொடுத்துவிட்டேன். அவர் பெர்ஸ்பெக்ஸ் வகைப் பாலிமரில் வேலை செய்துகொண்டிருந்தார். எஸ்டர் கோடு 1730இல் வர வேண்டும். சார்ட் தாள் உருளையில் ஒரு பல் தள்ளி மாட்டியிருந்தது. கோடு 1715இல் விழுந்தது. எஸ்டர் உடைந்து அமிலமாகிவிட்டது என்று அவர் முடிவுசெய்து, ஏன் உடைந்தது என்று இரண்டு மாதம் தேடினார். அப்புறம் ஒருநாள் அந்தப் பழைய தாளைக் கொண்டுவந்து, "அண்ணா, அன்னிக்கு பாலிஸ்டைரின் போட்டீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் தாளை மடித்துக்கொண்டு போனார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

அதன்பிறகு ஒரு நாளும் அட்டை போடாமல் கருவியைத் தொட்டதில்லை. மாணவர்களுக்குத் தாள் செய்யவும் கற்றுக்கொடுத்தேன். தெர்மாகோல் துண்டைக் குளோரோஃபார்மில் போட்டால் புஸ்ஸென்று காற்று போய் ஒரு கைப்பிடி தெர்மாகோல் ஒரு ஸ்பூன் பாகாகிவிடும். கண்ணாடித் தட்டில் ஊற்றிப் பரப்பி, இரவு முழுக்க மூடிவைத்து, காலையில் தண்ணீரில் அமிழ்த்தி உரித்தால் தாள் தயார். காய்ந்துவிட்டது என்று தோன்றும். ஓட்டிப் பார்த்தால் 1216இல் குளோரோஃபார்மின் கோடு நின்றுகொண்டிருக்கும். இறுகிவிட்ட சங்கிலிச் சிக்கலுக்குள் மாட்டிக்கொண்ட ஆவிக்கு வெளியே வர வழி தெரியவில்லை. வெற்றிட ஓவனில் வைத்து, பாலிஸ்டைரின் குழையும் வெப்பத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனால்தான் சங்கிலி கொஞ்சம் இடம் கொடுக்கும், அது வெளியேறும். கண்ணாடி நிலை என்றால் என்ன என்று கரும்பலகையில் எழுதிப் புரியாத பிள்ளைகளுக்கு அந்த ஒரு கோடு புரியவைத்துவிடும்.

என் பழைய கேள்விக்கு விடையும் அங்கேதான். பாலிஸ்டைரின் படிகமாகியிருந்தால் ஒளியைச் சிதறடித்து வெள்ளையாகியிருக்கும். எந்தப் பக்கம் திருப்பி வைக்கிறோம் என்பதைப் பொறுத்துக் கோடுகளின் ஆழமும் மாறியிருக்கும். கண்ணாடி நிலையில் சங்கிலிகள் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி குழம்பிக் கிடப்பதால் ஒளி நேராகப் போகிறது, எப்படி வைத்தாலும் ஒரே படம் கிடைக்கிறது. வளையமோ ஆறு கார்பன் இறுக்கமாகக் கைகோத்த தனிக் குடித்தனம். சங்கிலி எப்படி முறுக்கினாலும் அதன் கதி கெடுவதில்லை. அளவுகோலுக்கு வேண்டியது பொருள் முழுக்க ஒழுங்கு அல்ல. நம்பக்கூடிய ஒரு இடம். மற்ற இடமெல்லாம் குழப்பமாக இருந்ததுதான் அந்த ஒரு இடத்தை நேர்மையாகப் பார்க்க உதவியது.

2012இல் ஓய்வுபெறும்போது ஆய்வுக்கூடத்தில் புதுக் கருவி வந்துவிட்டிருந்தது. அதற்குள்ளேயே ஒரு சக்கரத்தில் பாலிஸ்டைரின் தாள் பொருத்தியிருக்கிறது. பொத்தானை அமுக்கினால் தானே சோதித்துத் தேறியது, தேறவில்லை என்று சொல்லிவிடும். சார்ட் தாளும் இல்லை, பேனா மையும் இல்லை. இழுப்பறையில் கிடந்த பழைய அட்டையைக் கடைசி நாளன்று அதில் போட்டுப் பார்த்தேன். பகலில் ஜன்னலோர மேசை மேல் கிடந்து பல வருஷம் வெயில்பட்டு மஞ்சளாகியிருந்தது தாள். 1979இல் நானே ஓட்டிய முதல் சார்ட்டைப் பக்கத்தில் விரித்து வைத்தேன். பழைய சார்ட்டில் இல்லாத ஒரு சின்னப் பள்ளம் 1700க்கும் 1740க்கும் நடுவே புதிதாக விழுந்திருந்தது. ஆக்சிஜன் சேர்ந்தால் வரும் கோடு அது. சைமன் 1839இல் காணாததைக் கண்டதாக எழுதிய அந்த ஆக்சைடு, உண்மையிலேயே கொஞ்சம், என் இழுப்பறையில்.

1601ஐப் பார்த்தேன். அதே இடத்தில் இருந்தது. அட்டையை உறையில் போட்டு, உறை மேல் தேதி எழுதி, எனக்குப் பின்னால் வருகிற பையனிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.